விருத்தாசலத்துச் சூளையும் ஐரோப்பாவின் ஏழை வீடுகளும்



ஐரோப்பா என்றவுடன் நம் மனக்கண்ணில் எழுபவை உயர்ந்த மாளிகைகளும் பளபளக்கும் வீதிகளும்தாம். ஆனால் அந்தக் கண்டத்திலும் ஏழை நாடுகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பெட்டியைக் கட்டிக்கொண்டு, பிறந்த மண்ணை விட்டுக் கண்ணீரோடு கப்பலேறிய மக்கள் அங்கேயும் உண்டு. மகன் அனுப்பும் பணத்துக்காக மாதக் கடைசியில் வாசலைப் பார்த்திருந்த தாய்மார்கள் போர்ச்சுகலிலும் இருந்தார்கள். அயர்லாந்திலும் அல்பேனியாவிலும் இருந்தார்கள்.

அந்த நாடுகளுள் சில ஒரு தலைமுறைக்குள் நிமிர்ந்துவிட்டன. சில இன்னும் தள்ளாடுகின்றன. சில நிமிர்ந்து, சரிந்து, மறுபடியும் எழுந்திருக்கின்றன. ஏன் இந்த வேறுபாடு? இதைப் புரிந்துகொள்ள நாம் விமானம் ஏற வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் வரை என்னோடு வாருங்கள். ஏழ்மையான ஒரு வட்டாரம் எப்படி எழுகிறது, எங்கே தடுக்கி நிற்கிறது என்பதை அந்த ஊரின் சூளைகள் நமக்குச் சொல்லும்.

முதுகுன்றத்து மண்

சென்னையிலிருந்து விழுப்புரம் வழியாகத் திருச்சி செல்லும் இரயிலில் ஏறினால், இடையில் வரும் பெரிய சந்திப்பு விருத்தாசலம். இங்கிருந்து கிழக்கே கடலூருக்கு ஒரு பாதையும் மேற்கே சேலத்துக்கு ஒரு பாதையும் பிரிகின்றன. மணிமுத்தாற்றங்கரையில் அமைந்த பழம்பெரும் ஊர். பழைய பெயர் திருமுதுகுன்றம். அதன் வடமொழி வடிவமே விருத்தாசலம். ஊரின் நடுவே ஓங்கி நிற்கும் சிவாலயத்தின் கோபுரங்கள் தொலைவிலேயே கண்ணில் படும். சுற்றுப்புறத்து மங்கலம்பேட்டை முதலிய ஊர்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள்.

ஊரைச் சுற்றிச் செம்மண் மேட்டுநிலம். மணிலாவும் முந்திரியும்தான் இந்த மண்ணுக்கு ஏற்ற பயிர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இவ்வூரில் இருந்து, இவ்விரு பயிர்களிலும் புதிய இரகங்களை வெளியிட்டு வருகிறது. ஆயினும் வானம் பார்த்த நிலத்தில் உழவு ஆண்டு முழுவதும் சோறு போடுவதில்லை. மழை பொய்த்தால் அடுப்பும் பொய்க்கும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையைக் கடந்தபோது, இம்மாவட்டத்தின் முந்திரித் தோப்புகள் ஓர் இரவில் சாய்ந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். முந்திரி மறுபடியும் காய்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். அதுவரை அந்தக் குடும்பங்கள் எதைக் கொண்டு வாழ்வது?

உழவையே நம்பிய ஊருக்கு இரண்டாவது கை ஒன்று வேண்டும். விருத்தாசலத்துக்கு அந்த இரண்டாவது கையாக வந்தது பீங்கான்.

களிமண் கைத்தொழிலான கதை

விருத்தாசலத்துக்குக் கிழக்கே, அருகிலேயே இருப்பது நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை வெட்டி எடுக்க 1956-இல் அங்கே அரசு நிறுவனம் தோன்றியது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அனல்மின் நிலையத்துக்குச் சோவியத் நாட்டின் உதவி கிடைத்தது. மண்ணை வாரி எடுக்கும் இராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. நிலக்கரிக்கு மேலே கிடந்த மண் அடுக்குகளை அகற்றியபோது, அவற்றினூடே வெண்களிமண்ணும் கிடைத்தது. கரிக்காகத் தோண்டியவர்களுக்கு அது அகற்ற வேண்டிய மண். பீங்கான் செய்பவனுக்கோ அதுவே மூலப்பொருள்.

ஆனால் மண் கிடைத்துவிட்டால் மட்டும் தொழில் பிறந்துவிடுமா? வெண்களிமண் எத்தனையோ நூற்றாண்டுகளாக அந்தப் பூமிக்குள் கிடந்ததுதானே! விடுதலைக்குப் பின் தொழிற்பேட்டைகள் அமைக்கும் கொள்கையை மாநில அரசு கைக்கொண்டது. 1958-இல் சென்னை கிண்டியில் ஒன்று உருவாயிற்று. அதே நோக்கில் பின்னர் விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே தனிப்பேட்டையும் அரசின் பீங்கான் நிலையமும் அமைந்தன. பக்குவம் செய்த மண்ணும், பலரும் பயன்படுத்தும் பொதுச்சூளையும் கிடைத்ததால், சொந்தமாகச் சூளை கட்ட வசதியற்ற சிறு முதலாளியும் தொழிலில் இறங்க முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகம் ஒன்றும் இவ்வூருக்குக் கிடைத்தது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அங்கே சேர்ந்து டிப்ளமோ பெறலாம்.

இந்தத் தொழிலுக்குச் சந்தை எங்கிருந்து வந்தது என்பதையும் கவனியுங்கள். 1957-இல் தமிழகத்தில் மின்வாரியம் அமைந்தது. கிராமம் தோறும் மின்கம்பம், வயல் தோறும் பம்புசெட், வீடு தோறும் மின்விளக்கு என்று மின்சாரம் பரவியது. கம்பத்துக்குக் கம்பம் பீங்கான் காப்பான்கள் வேண்டும். வீட்டுக்கு வீடு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் வேண்டும். உங்கள் வாப்பா காலத்து வீட்டின் மீட்டர் பலகையில் இருந்த வெள்ளைக் கட்டை நினைவுக்கு வருகிறதா? அது விருத்தாசலத்தில் சுட்டதாக இருந்திருக்கலாம்.

பட்டறைக்குள் ஒரு நடை

பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் காண்பது பெரிய உருளைகள். வெண்களிமண், குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் தூள், ஃபெல்ஸ்பார் கல்தூள் ஆகியவற்றை நீரோடு சேர்த்து அவற்றில் அரைக்கிறார்கள். கிடைப்பது பால் போன்ற களிக்குழம்பு. பொம்மையோ விளக்கோ செய்வதென்றால், இந்தக் குழம்பைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுக்குள் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச, உட்சுவரில் களிமண் ஒரு தோலாகப் படிகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்து உருவத்தை எடுக்கிறார்கள். ஃபியூஸ் கட்டை போன்ற மின்பொருள்களை அழுத்தி வார்க்கிறார்கள். காய்ந்த பின் பிசிறு நீக்கி, ஈரத்துணியால் துடைத்து, மெருகுக் குழம்பில் தோய்த்துச் சூளைக்கு அனுப்புகிறார்கள். துடைப்பதிலும் வண்ணம் தீட்டுவதிலும் பெண்களின் கைகளே மிகுதி. உயர்ந்த பீங்கானுக்கு 1,200 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பொருள் சற்றே சுருங்கும். ஆகவே எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும்.

அணைந்த சூளையின் முன் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். “தானா ஆறணும் ஹஜ்ரத். அவசரப்பட்டுத் திறந்தா, குளிர்காத்து பட்டு அத்தனையும் விரிசல் விட்டுடும். ஒரு மாசப் பாடு போயிடும்” என்றார்.

பல ஆண்டுப் பழக்கம் தந்த அறிவு இது. வெளியூரிலிருந்து மண்ணை வாங்கிவிடலாம். சூளையைக் கூட விலைக்கு வாங்கிவிடலாம். எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்த மனிதனை எங்கே போய் வாங்குவது? விருத்தாசலத்தின் உண்மையான சொத்து அந்த மனிதர்தாம்.

பரங்கிப்பேட்டை சொல்லும் பாடம்

இதே கடலூர் மாவட்டத்துக் கடற்கரையில், நம் மக்கள் மஹ்மூது பந்தர் என்று அழைத்து வந்த பரங்கிப்பேட்டை இருக்கிறது. இங்கே 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பாலை ஒன்றை நடத்தினார். நவீன முறையில் இரும்பு உருக்க இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. முதலீட்டுக்குக் கம்பெனி இருந்தது. அரசின் ஆதரவும் இருந்தது. ஆனால் தாது சேலத்துப் பக்கமிருந்து வர வேண்டும். உலைக்கு மரக்கரி வேண்டும். செலவு ஏறிக்கொண்டே போயிற்று. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ஆலை மூடப்பட்டது. அதன் பின் அவ்வூர் இரும்புத் தொழிலுக்குப் பெயர் பெறவில்லை. மீன்பிடிப்புக்கும் கடல் கடந்த பிழைப்புக்கும்தான் பெயர் பெற்றது. பணமும் இயந்திரமும் ஓர் ஊருக்கு வந்து, தொழில் ஊராரின் கைக்குள் இறங்காமல் போனால் இதுதான் முடிவு.

பரங்கிப்பேட்டைக்கு ‘போர்ட்டோ நோவோ’ என்ற பெயரும் உண்டு. புதிய துறைமுகம் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல் அது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நாமும் ஐரோப்பாவுக்குக் கடல் கடப்போம்.

நிமிர்ந்த நாடுகள்

போர்ச்சுகல் நாட்டின் வீடுகளிலும் நிலையங்களிலும் சுவர்களை அலங்கரிக்கும் பீங்கான் ஓட்டுக்கு ‘அஸுலேஜு’ என்று பெயர். இது ‘அஸ்ஸுலைஜ்’ என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. ஸ்பெயினையும் போர்ச்சுகலையும் முஸ்லிம்கள் ஆண்ட நாள்களில் வேரூன்றிய கலை, பெயரோடு அங்கே நிலைத்துவிட்டது.

கடலாதிக்கம் செலுத்திய அந்த நாடு, 20ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் ஏழை நாடாகிவிட்டது. நெடுங்காலம் சர்வாதிகாரம். 1970-இல்கூட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுத்தறிவில்லை. 1960-களில் இலட்சக்கணக்கானோர் பிரான்சுக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். 1974 ஏப்ரல் 25-இல் சர்வாதிகாரம் வீழ்ந்தது. 1986-இல் அந்நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. கூட்டமைப்பு தந்த நிதி சாலைகளுக்கும் தொழிற்பயிற்சிக்கும் சென்றது. நாடு நிமிர்ந்தது. ஆனால் கடனும் வளர்ந்தது. 2011-இல் 7,800 கோடி யூரோ உதவிக் கடன் வாங்க நேர்ந்தது. இளைஞர்கள் மறுபடியும் வெளியேறினார்கள். அதன் பின்னரே நாடு மெல்ல மீண்டது.

அயர்லாந்தின் கதையும் அப்படியே. 1840-களின் பஞ்சத்துக்கு முன் அந்தத் தீவில் 80 இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். அந்த எண்ணிக்கையை இன்றுவரை தீவு திரும்ப எட்டவில்லை. 1967-இல் இடைநிலைக் கல்வி அங்கே இலவசமாயிற்று. 1973-இல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆயினும் 1980-களின் நடுவில் வேலையில் இருப்போரும் வேலை தேடுவோரும் சேர்ந்த தொகையில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு வேலையில்லை. அப்போது பலர் கல்வித் திட்டத்தையே பழித்திருக்கக் கூடும். 1990-களில் அந்நியக் கம்பெனிகள் வந்தபோது, படித்த இளைஞர்கள் அங்கே ஆயத்தமாக இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குச் செலவிட்ட பணம் பலன் தர இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சூளைக்காரர் சொன்னது நினைவிருக்கட்டும்.

பணம் கரைந்த நாடு

அல்பேனியாவைப் பற்றி நாம் இன்னும் கவனமாக அறிய வேண்டும். ஏனெனில் அது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஐரோப்பிய நாடு. அன்வர் ஹோஜா என்ற பொதுவுடைமைத் தலைவர் 1944 முதல் 1985-இல் இறக்கும்வரை அதை ஆண்டார். 1967-இல் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மூடப்பட்டன. மதமே தடை செய்யப்பட்டது. ஐரோப்பாவிலேயே மிக வறிய நாடாக அது முடங்கிக் கிடந்தது. 1991-இல் கதவு திறந்தபோது மக்கள் வெள்ளமாக வெளியேறினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஒரே கப்பலில் ஏறத்தாழ 20,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு இத்தாலியின் பாரி துறைமுகத்தில் போய் இறங்கினார்கள்.

போனவர்கள் கிரீசிலும் இத்தாலியிலும் வியர்வை சிந்திப் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணம் என்னவாயிற்று? மாதத்துக்கு இவ்வளவு இலாபம் என்று ஆசை காட்டிய கம்பெனிகள் முளைத்தன. பிறகு வந்தவரின் பணத்தை எடுத்து முன்பு வந்தவருக்கு இலாபமாகக் கொடுத்தார்கள். மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவற்றில் பணம் போட்டார்கள். சிலர் வீட்டை விற்றும், சிலர் ஆடுமாடுகளை விற்றும் போட்டார்கள். 1997-இல் எல்லாம் சரிந்தன. நாடெங்கும் கலகம் மூண்டு ஏறத்தாழ 2,000 உயிர்கள் போயின. உழைத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அனுப்பிய பணமும் குறைவன்று. கேள்வி கேட்கும் பழக்கமும், கணக்குப் பார்க்கும் சட்டமும் இல்லாமல் போனதே கேட்டுக்குக் காரணம்.

இன்று அல்பேனியா வெகுவாக மாறியிருக்கிறது. சுற்றுலா வளர்ந்திருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர 2022-இல் பேச்சுவார்த்தையும் தொடங்கியது. ஆனால் 1989-இல் சுமார் 32 இலட்சமாக இருந்த மக்கள்தொகை, 2023 கணக்கெடுப்பில் 24 இலட்சமாகக் குறைந்துவிட்டது. பல்கேரியாவும் இப்படித்தான். 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2026 ஜனவரி முதல் யூரோ நாணயத்தையும் ஏற்றது. வருமானம் உயர்ந்தது, ஆனால் 1985-இல் 89 இலட்சமாக இருந்த மக்கள் 2021-இல் 65 இலட்சமாகிவிட்டார்கள். வீடுகள் அழகாகிவிட்டன, வீட்டில் இருக்கத்தான் ஆளில்லை. வளைகுடாப் பணத்தில் எழுந்த நம் ஊர்களின் பெரிய வீடுகளில், வயதான உம்மா மட்டும் தனியே விளக்கேற்றும் காட்சி உங்கள் நினைவுக்கு வரவில்லையா?

மறுபடியும் விருத்தாசலம்

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். விருத்தாசலம் எழுந்தது உண்மை. அதே வேகத்தில் அது வளர்ந்ததா? இல்லை என்றே சொல்ல வேண்டும். ஃபியூஸ் கட்டையின் இடத்தைத் தானே அணையும் எம்.சி.பி. சாதனம் பிடித்துக்கொண்டது. பீங்கான் காப்பானின் இடத்துக்குப் பாலிமர் வந்தது. கோப்பைக்கும் தட்டுக்கும் பிளாஸ்டிக் போட்டியாயிற்று. பிறகு சீனப் பொருள்கள் வந்தன. எரிபொருள் விலையோ ஏறிக்கொண்டே இருக்கிறது. மின்பொருளையே பெரிதும் நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள். பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் மாறியவர்கள் தாக்குப் பிடித்தார்கள். தீபாவளி, கார்த்திகை, கொலு என்று சகோதர சமுதாயத்தாரின் பண்டிகைகள் அந்தப் பட்டறைகளுக்கு வேலை கொடுக்கின்றன.

குஜராத்தின் மோர்பி நகரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். 1979-இல் அணை உடைந்து அவ்வூரை வெள்ளம் அழித்தது. 2001-இல் நிலநடுக்கம் உலுக்கியது. கூரை ஓட்டில் தொடங்கிய அவர்கள், சுவர் ஓட்டுக்கு மாறினார்கள்; பிறகு தரை ஓட்டுக்கு மாறினார்கள். நிலக்கரி வாயுவைப் பயன்படுத்தக் கூடாது என்று 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபோது இயற்கை எரிவாயுவுக்கு மாறினார்கள். இன்று இந்தியாவில் உற்பத்தியாகும் பீங்கான் ஓடுகளில் மிகப் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. கிடைத்த இலாபத்தை அவர்கள் மறுபடியும் சூளையில் போட்டார்கள். சந்தை மாறுமுன் தாங்களும் மாறினார்கள்.

ஆகவே அரசு தந்த மண்ணும் சூளையும் ஓர் ஊரை எழுப்பி உட்கார வைக்கும். அதன் பின் எழுந்து நடக்க அந்த ஊரின் கல்வியும் கைத்திறனும் நாணயமும் வேண்டும். போர்ச்சுகலும் அயர்லாந்தும் அல்பேனியாவும் சொல்வது இதைத்தான். விருத்தாசலமும் இதைத்தான் சொல்கிறது.

நம் வீடுகளுக்கு என்ன செய்தி?

வாசகப் பெருமக்களே! 1970-களில் வளைகுடாவின் கதவு திறந்தது முதல், இம்மாவட்டத்து லால்பேட்டையும் பரங்கிப்பேட்டையும் மட்டுமல்ல, தமிழகத்தின் எத்தனையோ முஸ்லிம் ஊர்கள் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் வாழ்கின்றன. அந்தச் சம்பாத்தியம் ஹலாலானது; வியர்வையில் நனைந்தது. அதில் எவ்வளவு கல்லாகவும் சிமெண்டாகவும் நிற்கிறது, எவ்வளவு பிள்ளைகளின் கையில் தொழிலாக இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கணக்குப் பார்க்க வேண்டாமா?

2019-இல் பெங்களூரில் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் நடந்த ஒரு நிறுவனம் மூழ்கியபோது, பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் சேமிப்பை இழந்து தெருவில் நின்றன. அல்பேனியாவில் 1997-இல் நடந்ததுதான் நம் நாட்டில் வேறு பெயரில் நடந்தது. வட்டி இல்லை என்ற ஒரு சொல் போதாது. என்ன தொழில், கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், இலாபம் எதிலிருந்து வருகிறது, நட்டம் வந்தால் எப்படிப் பங்கு என்று கேளுங்கள். கேட்பது அவநம்பிக்கையன்று, கேட்காமல் கொடுப்பது பொறுப்பின்மை. சந்தேகமான இலாபத்தைக் காட்டிலும், உங்கள் ஊர் இளைஞர்கள் இருவர் நடத்தும் சிறு பட்டறையில் எழுத்து மூலம் பங்கு சேர்வது மேலானது. அதை நீங்கள் வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பார்க்கலாம்.

ஜமாஅத்துகளின் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வசதியற்ற மாணவருக்கு உதவும்போது, பட்டப்படிப்போடு தொழிற்படிப்பையும் சேர்த்து எண்ணுங்கள். பிள்ளை பாடத்தில் நடுத்தரம், ஆனால் கை சுறுசுறுப்பு என்றால், விருத்தாசலத்துப் பயிலகம் போன்ற இடங்களை அவனுக்குக் காட்டுங்கள். ஓவியத்தில் நாட்டமுள்ள பெண் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். கோப்பையிலும் ஓட்டிலும் வண்ணம் தீட்டுவது வீட்டருகிலேயே செய்யக்கூடிய தொழில்.

அடுத்த முறை விருத்தாசலம் சந்திப்பில் வண்டி மாற நேர்ந்து, கையில் இரண்டு மணி நேரம் இருந்தால், நடைமேடையில் உட்கார்ந்து கழித்துவிடாதீர்கள். ஓர் ஆட்டோ பிடித்துப் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போய் வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அச்சு எப்படி நீரை உறிஞ்சுகிறது என்று அவர்களே கேட்கட்டும். பட்டறைக்காரர் பொறுமையாக விளக்குவார். வரும்போது வீட்டுக்கு இரண்டு கோப்பைகள் வாங்கி வாருங்கள்.